வாடிக்கையாளர் கூறியது

"பிக்கப் கம்மின்னு நான் சொல்லவே இல்லியே தம்பி" என்று ஞானசுந்தரி மஞ்சள் அட்டையை மேஜைமேல் அவன் பக்கமாகத் திருப்பித் தள்ளினாள். "ஓடிக்கிட்டிருக்கையில கார் நின்னுபோகுதுன்னுதான் சொன்னேன்."

இசக்கிராஜ் என்று நெஞ்சில் பெயர்த்தகடு குத்தியிருந்த அந்தச் சர்வீஸ் அட்வைசர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே அட்டையைப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம். நாங்க எங்க பாஷையில எழுதிக்கிடுவோம்."

"ஒண்ணு இல்ல."

"சரி மேடம். நின்னுபோகுது. போட்டாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிருதேன். போய் உக்காருங்க, சார் தனியா இருக்காங்க பாருங்க."

ஒன்று இல்லை. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும். கூண்டில் நிற்கிறவன் ஒன்று சொல்வான். நீதிபதி அதைக் கேட்டுவிட்டு, ஒரு கணம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, வேறொன்றைச் சொல்வார். அவளுடைய விரல்கள் அந்த இரண்டாவதை அடிக்கும். 'கொஞ்சம் தள்ளித்தான்யா நின்னேன், பளபளன்னு என்னமோ தெரிஞ்சுது' என்று ஒரு பெரியவர் சொன்னது, 'இருபது அடி தூரத்திலிருந்து எதிரியின் கையில் அரிவாளைப் பார்த்தேன்' என்று அவள் கண்முன்னால் தாளில் இறங்கியது. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. பெரியவரும் சொல்லவில்லை, நீதிபதியும் சொல்லவில்லை, டைப் மெஷினும் சொல்லவில்லை. ஆனாலும் தாளில் இருந்தது வேறு. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். இந்த அட்டையிலும் ஒரு கட்டம் இருக்கிறது, 'வாடிக்கையாளர் கூறியது' என்று அச்சடித்து. அதன் கீழே 'நாங்கள் கண்டது' என்று இன்னொரு கட்டம். முதல் தடவை வந்தபோது மேல்கட்டத்தில் 'வண்டி இழுக்கவில்லை' என்று எழுதினார்கள். காற்று வடிகட்டியைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' என்று எழுதி, பெட்ரோல் பம்பையே கழற்றிப் புதிது மாட்டினார்கள். இரண்டு தடவையும் வண்டியைக் கழுவி, உள்ளே ஏதோ மல்லிகை வாசனை அடித்து, கால்விரிப்பின் மேல் 'நன்றி' என்று ஒரு காகிதம் போட்டுத் தந்தார்கள். மறுநாள் ஒரு பெண் குரல் கூப்பிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டது. பத்து என்றாள். இசக்கிராஜ் முன்னாலேயே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தான், ஒன்பதுன்னு சொன்னா எங்களுக்கு அது பூஜ்யம் மேடம் என்று. வண்டி அதற்குப் பிறகு ரயில் தண்டவாளத்தின் மேல் நின்றது.

அவள் கணவர் சோபாவின் ஓரத்தில், மடக்குக் கம்பைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபநேசன் எங்கே உட்கார்ந்தாலும் ஓரத்தில்தான் உட்காருவார், எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல. கண் போன பிறகு வந்த பழக்கமல்ல அது, முன்பே இருந்ததுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். "என்ன சொல்லுதான்?" "பன்னெண்டு." "போன தடவையும் பன்னெண்டுன்னுதானே சொன்னான். நாலு மணிக்கு விட்டான்." கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவளுடைய கார் இரண்டு இரும்புத் தூண்களின்மேல் ஆள் உயரத்துக்குத் தூக்கப்பட்டு நின்றது. அடிவயிறு தெரிய நிற்கும் அதைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவன் கீழே நின்று அண்ணாந்து டார்ச் அடித்தான். இன்னொருவன் டார்ச்சுக்கு வழிகாட்டுவதுபோல விரலை நீட்டிக்கொண்டே வேறு எங்கேயோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். சுவரில் சத்தமில்லாத டிவி. அதில் ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கண்டுபிடி, என்று ஞானசுந்தரி டார்ச்சைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். ஒரு ஓட்டை, ஒரு அறுந்த கம்பி, எலி கடித்த ஒயர், என்னவாவது. கண்டுபிடி அப்பா. பிறகு தான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்து, கைப்பையின் வாரை இழுத்து மடியில் சுற்றிக்கொண்டாள். ஊரெல்லாம் வண்டியில் கோளாறு இருக்கக் கூடாது என்று ஜெபம் பண்ணும், அவள் இருக்க வேண்டும் என்று பண்ணுகிறாள். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு எரர் கோடு எதுவும் காட்டலை மேடம் என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வரும் கோபம், இரண்டு தடவை இந்தச் சோபாவிலேயே வந்த கோபம், அது கோபம் அல்ல. வண்டியில் எதுவும் இல்லை என்றால் பிறகு எதில். வண்டியில் கோளாறு இல்லை என்றால் சரியல்ல. எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாள் அந்த வாக்கியத்தை. நான் அந்த இடத்தில் இல்லை என்றால் சரியல்ல. எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம் உண்டு என்றால் சரியல்ல. குறுக்கு விசாரணையின் கடைசி வரி எல்லாச் சாட்சிக்கும் ஒன்றுதான்: நான் பொய் சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரியல்ல. உண்மை சொன்னவனுக்கும் அதே வரி, புளுகினவனுக்கும் அதே வரி. அடிக்கும்போது விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

முதல் தடவை வந்தபோது இசக்கிராஜ் அவரைப் பார்த்துத்தான் கேட்டான், "சார், நீங்க ஓட்டுறப்ப நிக்குதா, மேடம் ஓட்டுறப்ப நிக்குதா?" கறுப்புக் கண்ணாடியையும் கம்பையும் அதற்குப் பிறகுதான் கவனித்தான். காது மடல் சிவந்துபோயிற்று பையனுக்கு. "நான் ஓட்டுனா ஆஸ்பத்திரில போய்த்தான்டே நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார். அவர் ஓட்டிய காலம் வேறு. கண் நரம்பு காய்ந்து வெளிச்சம் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்த வருஷத்தில், நீ கத்துக்கோ ஞானம் என்றார். அவளுடைய ஐம்பத்தேழு வயதில். ஓட்டுநர் பள்ளிக்காரன் மூன்று வாரத்தில் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தானே தவிர, ஓட்டக் கற்றுக்கொடுத்தது இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய காதுதான். சத்தம் கனக்குது பாரு, கீழ் கியருக்கு வா. இப்ப அலறுது, மேல போ. பள்ளத்துல இறங்குறே, சொல்லிட்டு இறங்கக் கூடாதா. பார்வை இல்லாத ஒருவர் சொல்லச் சொல்ல ஓட்டுகிறாள் என்று தெரிந்தால் லைசென்ஸ் கொடுத்தவன் மயங்கி விழுந்திருப்பான். ஆனால் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு, செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு, ஒரு காரணமும் இல்லாமல் சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரைக்கும். பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றில் தண்ணீர் இருக்கிறதா மணல் இருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். பஹ்ரைனிலிருந்து மகன் வாரம் ஒருமுறை சொல்வான், அம்மா வண்டியை வித்துட்டு ஆட்டோவுக்கு மாசக்கணக்குப் பேசிருங்க. பேசலாம். ஆட்டோக்காரன் பாலத்தில் நிறுத்துவானா. நிறுத்தினாலும் ரெண்டு நிமிஷத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான்.

பால் பொங்கியது வண்டி முதல் தடவை நின்றதற்கு முன்னாலா பின்னாலா. முன்னால்தான், பொங்கலுக்கு மறு வாரம். அடுப்பின் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். பால் வழிந்து, அடுப்பு அணைந்து, மேடையிலிருந்து சொட்டிக் கால்விரலைச் சுட்ட பிறகுதான் பார்த்தாள். தூக்கம் என்று வைத்துக்கொண்டாள். கோவிலில் கீர்த்தனை இரண்டாம் சரணம் பாடிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தபோது சபை நான்காம் சரணத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற குருவானவர் மனைவி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வெயில் என்று வைத்துக்கொண்டாள். நடுவில் இருட்டாக இருந்தால் இருட்டு என்றாவது சொல்லலாம், மயக்கம் என்று சொல்லலாம், தலை சுற்றியது என்று சொல்லலாம். ஒன்றும் இல்லை. இரண்டாம் சரணத்தின் கடைசி எழுத்தும் நான்காம் சரணத்தின் முதல் எழுத்தும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, தாளில் ஒரு வரி விட்டுப்போனது தெரியாதபடி. விட்டுப்போன வரியை அடித்தவளால் கண்டுபிடிக்கவே முடியாது. பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே கிளம்பினார்கள், ஆஸ்பத்திரியில் முதல் டோக்கன் வாங்கலாம் என்று. ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. ரேடியோவில் செய்தி முடிந்து அணைகளின் நீர்மட்டம் சொல்ல ஆரம்பித்தார்கள். அது அவருக்கு வேத வாசிப்பு. யாரும் பேசக் கூடாது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, எப்போதும் அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் மட்டம் எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறந்துவிட்டது எவ்வளவு. கேட்டு மனதில் வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கல்லிடைக்குறிச்சியில் வயல் வைத்திருக்கிற தம்பிக்குப் போன் போட்டுச் சொல்வார். அணைத் தண்ணீரில் காலைக் கழுவுகிறவனுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அளவு போகிறது என்று அவள் கேலி செய்வாள். தம்பியும் தனக்குத் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாபநாசம் நூற்று நான்கு அடி என்றது ரேடியோ. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கிய குலுக்கல். அதற்கு அடுத்தது ஹாரன். ஒரு ஹாரன் இல்லை, பின்னால் பஸ், ஆட்டோ, எல்லாம் ஒரே குரலாக. பால்காரன் ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்து, எம்மா, எம்மா, கேட்டு போடப் போறான் எம்மா என்று கத்திக்கொண்டிருந்தான். வண்டி இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நின்றது. மணிமுத்தாறு எண்பத்து மூன்று அடி என்றது ரேடியோ. சாவியைத் திருப்பினாள், ஓடியது, தாண்டினாள், அந்தப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். "வண்டி நின்னுபோச்சு" என்றாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகும், மறுநாள் காய் நறுக்கும்போதும், இப்போது இந்த டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவளுடைய மனம் அந்த ஒரே இடத்தில் போய் முட்டுகிறது. பாபநாசம் கேட்டது. மணிமுத்தாறு கேட்டது. நடுவில் சேர்வலாறு எங்கே போனது. ரேடியோவில் விட்டுப்போனதா, அவளிடம் விட்டுப்போனதா. பக்கத்தில் ஒருவர் இருந்தார். இஞ்சின் சத்தத்தில் மூச்சு வித்தியாசம் கேட்கிற காதோடு இருந்தார். ஆறு நாளாக அவரிடம் அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைப்பதுபோல இரண்டு பேரும் அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணால் கண்ட சாட்சி என்று எத்தனையோ அடித்திருக்கிறாள். காதால் கேட்ட சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மடியில் கம்பை வைத்துக்கொண்டு.

"மேடம்." இசக்கிராஜ் வந்து முன்னால் குந்தி உட்கார்ந்தான். போன் இல்லாமல் அவனை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முகம் சின்னதாக இருந்தது. "எல்லாம் பாத்தாச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் காட்டல. பம்பு போன தடவ மாத்துனது, நல்லா இருக்கு. கடேசியா ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லணும். வண்டி நின்ன டயத்துல ரேடியோ ஓடிச்சா?"

அவள் கைப்பையின் வாரை விட்டாள்.

"ஏன் கேக்கேன்னா, ரேடியோவும் சேந்து கட்டாகி அப்புறம் தானா வந்திருந்தா, பேட்டரி ஒயர்ல எங்கயோ லூஸு இருக்கு. டெர்மினலோட மாத்திப் போட்டுருவோம், முடிஞ்சுது. ரேடியோ பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"வண்டியில ஒண்ணும் இல்ல மேடம்." அவன் தரையைப் பார்த்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மாவும் இப்படித்தான் ஸ்கூட்டியில, என்னமோ யோசனையில—"

"நின்னுச்சு" என்றார் ஜெபநேசன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரேடியோவும் நின்னுச்சு. இஞ்சினும் நின்னுச்சு. ஏசி காத்தும் நின்னுச்சு. ஒரேயடியா. கரண்ட்டு போன வீடு மாதிரி. அப்புறம் தானா வந்துச்சு. நான் பக்கத்துலதானே இருந்தேன். எழுதிக்கோ தம்பி."

"அப்ப லூஸ் கனெக்ஷனேதான் சார்!" இசக்கிராஜின் முகத்தில் உண்மையான சந்தோஷம் வந்தது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு தடவ அலைஞ்சிருக்க வேண்டாமே சார். இவ்வளவு நாளும் சும்மா இருந்துட்டீங்களே." எழுந்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஓடாத குறையாகப் போனான். போகும்போதே அட்டையில் எழுதினான்.

இவ்வளவு நாளும் சும்மா இருந்துட்டீங்களே. அதுதான். அவள் கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டாள், மெஷின் முன்னால் வைப்பதுபோல. ஓர் ஆறுதல் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கப் பார்த்தது, வெந்நீர் ஊற்றியதுபோல. அதை அவள் இறங்கவிடவில்லை. கேள்வி முடிவதற்கு முன்னால் வருகிற பதிலை அவளுக்குத் தெரியும். உண்மைச் சாட்சி தடுமாறுவான், தேதியை மாற்றிச் சொல்வான், வலப்பக்கமா இடப்பக்கமா என்று கையை அசைத்துப் பார்த்துக்கொள்வான். இஞ்சின், ரேடியோ, ஏசி என்று ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொல்கிறவன் முந்தின நாள் ராத்திரி பாடம் படிக்க யாரோடோ உட்கார்ந்திருந்தவன். இவர் யாரோடு உட்கார்ந்திருந்தார். ஆறு ராத்திரியும் அவள் பக்கத்தில் படுத்து, அவள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஏசி போடவே இல்லை. காலைக் காற்று வரட்டும் என்று ஜன்னலைப் பாதி இறக்கியிருந்தது. பால்காரன் கத்தியது அதன் வழியாகத்தான் காதுக்குள் வந்தது. ஆனால் ஏசியை மறந்திருக்கலாம் மனுஷர். எழுபது வயது. ஏசி ஒன்றை வைத்துச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. விட்டுவிடலாம். ஒயரை மாற்றுவார்கள். நாளை மறுநாள் ஆற்றுப் பாலம். விட்டுவிடேன் ஞானம். வராந்தாவில் சீனியர் வக்கீல் ஜூனியர்களிடம் சொல்வார், பதில் தெரியாத கேள்வியை எழுப்பாதே என்று. அவளுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றால் சரியல்ல.

"கல்லிடைக்குறிச்சிக்கு இன்னைக்குப் பேசினீங்களா?" என்றாள்.

"காலையில பேசினேனே. களை எடுக்க ஆள் கிடைக்கலையாம்."

"செவ்வாய்க்கிழமையும் பேசினீங்கதானே."

"பேசாம? என்னைக்கு விட்டேன்."

"தண்ணி அன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருந்துச்சு போல."

"பெரிசா ஒண்ணும் இல்ல. பாபநாசம் நூத்தி நாலு." அவருடைய விரல்கள் கம்பின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தன.

"சேர்வலாறு?"

"நூத்திப் பதினேழு. வரத்து—"

விரல்கள் நின்றன.

கண்ணாடிக்கு அப்பால் தூண்கள் மெல்ல முனகிக்கொண்டு காரைக் கீழே இறக்கின. நான்கு சக்கரமும் தரையைத் தொட்டபோது வண்டி லேசாக உட்கார்ந்து எழுந்தது. டிவியில் அந்தப் பெண் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அது... சாயங்காலச் செய்தியில கேட்டது" என்றார்.

சாயங்காலச் செய்தியில் நீர்மட்டம் சொல்வதில்லை. அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியும். கோர்ட்டாக இருந்தால் வக்கீல் இந்த இடத்தில் கோட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டு, சாட்சியைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்து, மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்திருப்பார். அவள் அவருடைய முழங்கையின் கீழே சட்டை மடிப்பு அவிழ்ந்திருந்ததை மேலே மடித்துவிட்டாள். சேர்வலாறு நூற்றுப் பதினேழு அடி. அங்கேதான் இருந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில், எப்போதும்போல. ரேடியோ சொல்லிற்று, இவர் கேட்டார், தண்டவாளம் கேட்டது, பின்னால் நின்ற பஸ் முழுக்கக் கேட்டிருக்கலாம். எத்தனை வினாடி. மட்டம், வரத்து, வெளியேற்றம். பத்து இருக்குமா. அந்தப் பத்து வினாடியும் இவர் இருட்டில், ஹாரன்களின் நடுவில், அவளுடைய மூச்சு மட்டும் வந்துபோவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருப்பார். ஞானம் என்று எத்தனை தடவை கூப்பிட்டாரோ. அதையும் அவள் கேட்கவில்லை.

"கூப்பிட்டீங்களா என்னைய?" என்றாள்.

"தோளத் தொட்டேன்" என்றார்.

இசக்கிராஜ் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. "முடிஞ்சுது மேடம். டெர்மினல் ரெண்டும் புதுசு. இனிமே நின்னா எங்கிட்ட கேளுங்க." அட்டையையும் பேனாவையும் அவள் முன்னால் குட்டி மேஜையில் வைத்தான். "இங்க ஒரு கையெழுத்து. நாளைக்குப் போன் வரும், வழக்கம்போல பத்துன்னு சொல்லிருங்க. நீங்களே எடுத்துட்டுப் போறீங்களா, டிரைவர் யாரையாவது அனுப்பட்டுமா?"

ஒவ்வொரு தடவையும் அவன் இதைக் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள், எனக்கு ஓட்டத் தெரியும் தம்பி என்று சொல்லியிருக்கிறாள்.

"அனுப்புங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றார் ஜெபநேசன். "ஏன், நீ ஓட்ட மாட்டியா? அதான் சரி பண்ணியாச்சே."

"நாம ரெண்டு பேரும் பின்னால உக்காந்து போவோம்."

"இருபது நிமிஷம்தானே ஞானம்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிருவோம். எனக்கும் ஒரு டோக்கன் போடணும். தலைக்குப் பாக்குற டாக்டர்கிட்ட." குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது. "பாலத்துக்கு வேணா எட்டாம் நம்பர் வீட்டு ஆட்டோக்காரர்கிட்ட கேட்டுப் பாக்கலாம். அவரு வாய் பேசாத ஆளு."

அவர் கம்பை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். இசக்கிராஜின் போன் அடித்தது. அவன் அதைக் காதில் வைத்துக்கொண்டு, பன்னெண்டு மணிக்குள்ள சார், கண்டிப்பா சார் என்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, டிரைவருக்குக் கையைக் காட்டினான்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை வாசித்தாள். மேல்கட்டத்தில், 'வண்டி ஓடும்போது நின்றுபோகிறது' என்று இருந்தது. அது அவள் சொன்னதுதான். அதற்குப் பக்கத்தில் அவசரமான எழுத்தில், 'ரேடியோவும் சேர்ந்து நிற்கிறது'. பேனாவின் மூடியைத் திறந்து, அந்தக் கடைசி மூன்று சொற்களின் மேல், கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில், அடித்தல் திருத்தலுக்குப் போடுவதுபோல, சின்னதாக ஞா.சு. என்று போட்டாள். பிறகு அடியில் முழுக் கையெழுத்தைப் போட்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் எழுந்திருக்கக் கையைக் கொடுத்தாள்.